படிவம் 15 என்னும் புனைகதை

தமிழ்நாட்டில் நாள்தோறும் சலிப்பின்றி எழுதப்பட்டுவரும் ஒரு புனைவு வடிவம் உண்டு. அதற்கு மதிப்புரை எழுதியவர் எவரையும் நாங்கள் அறியோம். மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989இன்படி ஒவ்வோர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியும் பேணிவர வேண்டிய படிவம் 15 என்ற பதிவேடே அது. பயில வந்தவர் இன்ன நாளில், இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை, இன்ன வகை வண்டியை ஓட்டினார் என்று அதில் வரிசையாக எழுதி, பயிற்றுநரும் பயில்பவரும் கையொப்பமிட வேண்டும். கனரக வண்டிகளுக்கான பள்ளிகள் பலவற்றில் இந்தக் கையொப்பங்கள் அனைத்தும் ஒரே அமர்வில், ஒரே பேனாவால், சேர்ந்த நாளிலேயே இடப்பட்டுவிடுகின்றன. எங்கள் நண்பர்கள் வட்டத்தில் லாரித் தொழிலோடு உறவுள்ளவர்கள் மூவர் இருக்கிறார்கள். மூவரும் மூன்று வெவ்வேறு ஊர்களின் பள்ளிகளைப் பற்றிச் சொன்னது இந்த ஒன்றையே. எதிர்காலத்தில் நடக்கவிருக்கும் பதினைந்து இருபது காலைப்பொழுதுகள் நடந்து முடிந்தவையாக எழுதப்படுகின்றன. இறந்தகாலத்தைக் கற்பனையால் படைக்கும் இக்கலையை வேறெந்தப் பெயரிட்டு அழைப்பது?

இலக்கியம் பேசும் இடத்தில் ஹெவி லைசென்ஸுக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். (சுமையுந்து, சரக்குந்து என்றெல்லாம் எழுதச் சொல்லும் நண்பர்கள் பொறுத்தருள்க. லாரியை லாரி என்றும் கிளீனரைக் கிளீனர் என்றுமே எழுதப்போகிறோம். அந்தத் தொழிலில் இருப்பவர்கள் அப்படித்தான் பேசுகிறார்கள்.) நமது எழுத்தில் நெசவாளி உண்டு, உப்பளத் தொழிலாளி உண்டு, கரிசல் விவசாயி உண்டு. அவர்கள் தொழிலைக் கற்ற விதமும் கை பழகிய விதமும் பக்கம் பக்கமாக உண்டு. லாரி ஓட்டுநரோ பெரும்பாலும் சாலையோரப் பரோட்டாக் கடையில் உட்கார்ந்திருக்கும் நிழலுருவாகவே வந்துபோகிறார். அரசின் பார்வையும் இதைவிட மேலானதன்று. எய்ட்ஸ் தடுப்புத் திட்டங்கள் லாரி ஓட்டுநரை நோயை ஊருக்கு ஊர் கடத்தும் ‘பாலமாக’ வகைப்படுத்தி ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தன. அவருடைய படுக்கையை ஆராய்ந்த அக்கறையில் நூறில் ஒரு பங்கு, அவர் அமர்ந்திருக்கும் இருக்கைக்கு அவர் எப்படி வந்து சேர்ந்தார் என்ற கேள்விக்குக் கிட்டவில்லை. ஆனால் விபத்து ஒன்று நேர்ந்த மறுநாள் காலை, நன்கு படித்த நம் நண்பர்களும் ஒரே குரலில் சொல்லும் வாக்கியம் ஒன்றுண்டு: ‘லாரிக்காரனுக்கு ஓட்டத் தெரியவில்லை.’ தெரியவில்லை என்பது மெய்யாகவே இருக்கட்டும். அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்பதே எங்கள் கேள்வி.

இன்று நமது நாட்டில் கனரக ஓட்டுநர் உரிமம் என்பது ஒருவரை ஓட்டத் தகுதியாக்கும் தாள் அன்று. விபத்து நேரும்போது பழி ஏற்கத் தகுதியாக்கும் தாள். இதையே இக்கட்டுரையில் நிறுவ முயல்கிறோம்.

சட்டம் வகுத்திருக்கும் பாதை எளியது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி போக்குவரத்து வண்டியை ஓட்ட இருபது வயது நிரம்பியிருக்க வேண்டும். இலகுரக வண்டிக்கான உரிமத்தைக் குறைந்தது ஓராண்டு வைத்திருந்தவருக்கே கனரகத்துக்கான பழகுநர் உரிமம், அதாவது எல்.எல்.ஆர். கிடைக்கும். பிறகு ஒரு பள்ளியில் சேர்ந்து, படிவம் 5 எனும் சான்றிதழைப் பெற்று, பிரேக் இன்ஸ்பெக்டர் முன் ஓட்டிக் காட்ட வேண்டும். கேட்பதற்கு நியாயமான ஏணியாகத் தோன்றும். ஆனால் முதற்படியைக் கவனியுங்கள். ஓராண்டு கார் உரிமம் ‘வைத்திருந்தால்’ போதும். அந்த ஓராண்டில் கார் ஓட்டியிருக்க வேண்டும் என்பதில்லை. உரிமத்தை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டுக் கோழிப்பண்ணையில் வேலை பார்த்தவரும் ஓராண்டு கழித்து லாரிக்கு ஏறலாம்.

இனிப் பள்ளிக்குள் நுழைவோம். வண்டி ஒன்று நிற்கிறது. எங்கோ ஒரு நிறுவனம் கழித்துக்கட்டிய பழைய இரண்டு அச்சு லாரி, அல்லது பழைய பேருந்து. பயிற்றுநர் பக்கமும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச் பொருத்தப்பட்டிருக்கும். காலை ஆறு மணிக்கு ஐந்தாறு பேர் ஏறிக்கொள்கிறார்கள். ஊர் எல்லைவரை போய்த் திரும்பும் பாதையில் ஆளுக்குப் பத்து நிமிடம் கைக்கு வரும். மற்ற நேரம் பின்னிருக்கையில் அமர்ந்து அடுத்தவர் கியர் மாற்றத் திணறுவதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். மூன்றாவது கியரைத் தாண்டியவர்கள் பாக்கியவான்கள். தேர்வு நாளன்று மைதானத்தில் முன்னே போய், பின்னே வந்து, கை காட்டி நிறுத்தினால் முடிந்தது. கட்டணத்துக்குள் எதெது அடக்கம், எது யாருக்குப் போய்ச் சேரும் என்பதைப் புரோக்கர்கள் அறிவார்கள். அதை விவரிக்க இங்கே அவசியமில்லை. இந்நாட்டில் ஏதேனும் ஓர் அலுவலகப் படி ஏறியவர்க்கு அது புதிதுமன்று.

கையூட்டைப் பற்றிப் பேசுவது நமக்கு எளிதாக இருக்கிறது. அதனால் அதைவிடப் பெரிய ஒன்று மறைந்துபோகிறது. ஒரு பைசா கையூட்டு இல்லாமல், படிவம் 15இல் எழுதிய ஒவ்வொரு மணியும் மெய்யாகவே ஓட்டப்பட்டிருந்தாலும், அந்தப் பள்ளியில் லாரி ஓட்டக் கற்றுக்கொள்ள முடியாது. ஏனென்றால் அந்த லாரி காலியாக இருக்கிறது. லாரி ஓட்டுவது என்பது சுமையை ஓட்டுவது. வெற்று லாரிக்கும் பாரம் ஏற்றிய லாரிக்கும் இடையிலுள்ள வேறுபாடு, காருக்கும் வெற்று லாரிக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைவிடப் பெரிது. பாரம் ஏறினால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் மாறுகிறது. வளைவில் வண்டி சாயும் விதம் மாறுகிறது. ஏற்றத்தில் எந்த இடத்தில் கியரைக் குறைக்க வேண்டும் என்பது மாறுகிறது. சிமென்ட் மூட்டை ஒருவகை, வைக்கோல் ஒருவகை, பாதி நிரம்பிய டேங்கருக்குள் அலையடிக்கும் திரவம் முற்றிலும் வேறுவகை. இவற்றில் ஒன்றைக்கூடப் பயிற்சி லாரி அறியாது. இரவில் ஓட்டுவது? மழையில்? மலைப்பாதையில்? எதுவும் இல்லை. நீச்சல் கற்க வந்தவரைக் குளக்கரையில் குப்புறப் படுக்கவைத்துக் கைகால் அசைக்கச் சொல்லிவிட்டு, தேறினாய் என்று சான்றிதழ் கொடுத்து நடுக்கடலில் இறக்கிவிடுவதற்கு ஒப்பானது இது.

இதன் விலை என்ன என்பதைத் தெரிந்துகொள்ளத் தொப்பூர்க் கணவாய்க்குப் போக வேண்டும். பெங்களூர்ப் பக்கமிருந்து சேலம் நோக்கி வரும் தேசிய நெடுஞ்சாலை 44, தருமபுரியைத் தாண்டித் தொப்பூரில் சரிந்து இறங்குகிறது. 2020 டிசம்பரில் சிமென்ட் ஏற்றிய லாரி ஒன்று அங்கே முன்னால் நின்ற வாகன வரிசைக்குள் புகுந்து நான்கு பேர் இறந்தார்கள். 2024 ஜனவரியில் மீண்டும் ஒரு லாரி, மீண்டும் நான்கு பேர். இவை பெரிய செய்தியானவை மட்டுமே. ஒவ்வொரு முறையும் நாளிதழில் ‘பிரேக் பிடிக்காததால்’ என்ற சொற்றொடர் வருகிறது. பிரேக் ஏன் பிடிக்கவில்லை?

சரிவில் இறங்கும் பாரவண்டியை இருவிதமாகக் கட்டுப்படுத்தலாம். கியரைக் குறைத்து, எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போட்டு, இஞ்சினின் எதிர்விசையையே கடிவாளமாக்குவது ஒன்று. வண்டியை நியூட்ரலில் விட்டுவிட்டுக் கால் பிரேக்கை மட்டும் நம்புவது மற்றொன்று. இரண்டாவதில் அத்தனை டன்னின் வேகமும் சக்கரங்களின் பிரேக் டிரம்களில் வெப்பமாக இறங்குகிறது. லைனிங் சூடேறச் சூடேறப் பிடிமானம் குறைகிறது. பதற்றத்தில் பெடலை மிதித்து மிதித்து விட்டால் தொட்டியிலுள்ள காற்றழுத்தமும் இறங்குகிறது. ஒரு கட்டத்துக்கு மேல் கியரைத் திரும்பப் போடவும் முடியாது. வண்டியின் வேகமும் கியரின் வேகமும் இணங்காது. சரிவின் அடியில் நிற்கும் கார்களுக்கு அதன் பிறகு யாராலும் உதவ முடியாது. இவ்வளவும் ஒரு பிற்பகலில் கற்பிக்கக்கூடிய பாடம். பாரம் ஏற்றிய லாரியும், ஒரு மலைச்சரிவும், பக்கத்தில் அனுபவமுள்ள ஒருவரும் இருந்தால் போதும். சேலத்திலோ நாமக்கல்லிலோ பயில்பவருக்குத் தொப்பூர் சற்றுத் தொலைவில்தான் இருக்கிறது. ஆனாலும் அப்பாடம் நடப்பதில்லை.

நியூட்ரலில் இறக்குவது அறியாமை மட்டுமன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். பல லாரிகளில் இவ்வளவு தூரத்துக்கு இவ்வளவு டீசல் என்று உரிமையாளர் கணக்கு வைத்திருக்கிறார். மிச்சம் பிடித்தால் அது ஓட்டுநருக்கு. குறைந்தால் அவர் கையிலிருந்து போகும். ஆகவே சரிவு கண்ட இடமெல்லாம் நியூட்ரல். பள்ளி சொல்லித்தராததை இந்தக் கூலிமுறை சொல்லித்தருகிறது, தவறாகச் சொல்லித்தருகிறது. இதிலுள்ள கொடிய நகைச்சுவை என்னவென்றால், செங்குத்தான இறக்கத்தில் நியூட்ரல் டீசலை மிச்சப்படுத்துவதே இல்லை. கியரில் இறங்கும்போது ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால் இஞ்சினுக்கு எரிபொருள் செல்வது நின்றுவிடும். சக்கரங்களே இஞ்சினைச் சுழற்றும். நியூட்ரலிலோ இஞ்சின் அணையாதிருக்க டீசல் எரிந்துகொண்டே இருக்கும். இல்லாத லாபத்துக்காக உயிர் பணயம் வைக்கப்படுகிறது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்து, மின்னணுவியலால் நிறைந்த லாரிகள் சாலைக்கு வந்துவிட்டன. ஓட்டுநரின் காதில் விழும் அறிவுரையோ முப்பது ஆண்டுகளுக்கு முந்தையது. எந்தப் பயிற்சிப் பள்ளி இதைத் திருத்திச் சொன்னது?

அப்படியானால் முன்பு எப்படிக் கற்றார்கள்? லாரியே பள்ளியாக இருந்தது. பதினான்கு பதினைந்து வயதில் கிளீனராக ஏறியவன், கண்ணாடி துடைத்தான், டயருக்குக் கட்டை போட்டான், தார்ப்பாய் விரித்துக் கயிறு கட்டினான், பஞ்சர் பார்த்தான், பின்னால் நின்று ‘வரட்டும், வரட்டும்’ என்று குரல் கொடுத்து வண்டியைச் சந்துக்குள் ஏற்றினான். அந்த ஆண்டுகளில் அவன் சுமையைக் கற்றான் என்பதை நாம் கவனிக்கத் தவறிவிடுகிறோம். கயிறு எந்தப் பக்கம் தளர்கிறது, எந்த ஓசைக்குக் கியர் விழும், எந்த மணத்துக்குப் பிரேக் லைனிங் காய்கிறது என்பதெல்லாம் ஸ்டியரிங்கைத் தொடுவதற்கு முன்பே அவன் உடலில் ஏறியிருந்தன. பிறகு ஏதோ ஒரு பின்னிரவில், ஆளற்ற சாலையில், ‘கொஞ்ச தூரம் புடிடா’ என்று டிரைவர் இடம் மாறி உட்கார்ந்தார். சட்டப்படி அது குற்றம். கல்வியாக, அந்நாட்டில் இருந்த ஒரே கனரகப் பயிற்சி அதுதான்.

இதைப் பொற்காலமாக்க நாங்கள் முயலவில்லை. குருகுல ஏக்கம் நம் சிற்றிதழ்ச் சூழலில் எளிதாகப் பற்றிக்கொள்ளும் நோய். லாரியின் குருகுலத்தையும் அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டாம். கிளீனர் பையனுக்குப் பல வண்டிகளில் கூலியே கிடையாது. சாப்பாடும் அடியும் கிடைக்கும். பள்ளிக்கூடம் போயிருக்க வேண்டிய வயது அது. தூங்காமல் ஓட்டுவது எப்படி, எதைப் போட்டுக்கொண்டு விழித்திருப்பது, சோதனைச்சாவடியில் எவ்வளவு மடித்துக்கொடுப்பது என்பனவும் அங்கேதான் கற்பிக்கப்பட்டன. ஆசானின் பிழைகளனைத்தும் மாணவனுக்குச் சொத்தாக வந்தன. அம்முறை ஒழிந்ததற்கு யாரும் அழ வேண்டியதில்லை. ஆனால் அது சீர்திருத்தத்தால் ஒழியவில்லை, சிக்கனத்தால் ஒழிந்தது. ஒரு ஆளின் படியை மிச்சப்படுத்தவே உரிமையாளர்கள் கிளீனரை இறக்கிவிட்டார்கள். நேஷனல் பெர்மிட் லாரியில் இரண்டு ஓட்டுநர் இருக்க வேண்டும் என்று ஏட்டளவிலாவது இருந்த விதியை 2018இல் அரசே நீக்கிற்று. அதே ஆண்டு ஜூலையில் அச்சு எடை வரம்பு உயர்த்தப்பட்டது: இரண்டு அச்சு லாரியின் மொத்த எடை 16.2 டன்னிலிருந்து 18.5 டன்னாக, பெரிய டிரெய்லர்களுக்கு 49இலிருந்து 55 டன்னாக. ஒரே ஆண்டில் சுமையைக் கூட்டி, ஆளைக் குறைத்தார்கள். கூடிய சுமைக்கு ஏற்பப் பயிற்சியில் கூடுதலாக ஒரு மணி நேரம் சேர்க்கப்பட்டதா? இல்லை.

2019இல் வேறொரு முடிவு வந்தது. போக்குவரத்து வண்டி ஓட்ட எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்றிருந்த விதியை மத்திய அரசு கைவிட்டது. மேவாத் பகுதியின் ஏழை ஓட்டுநர்களுக்காக அரியானா அரசு கோரியதையும், நாட்டில் ஏறக்குறைய 22 லட்சம் ஓட்டுநர்கள் பற்றாக்குறை என்பதையும் அமைச்சகம் காரணமாகக் காட்டியது. இம்முடிவை நாங்கள் வரவேற்கிறோம். எட்டாம் வகுப்புச் சான்றிதழ் எந்தச் சரிவிலும் எந்த லாரியையும் நிறுத்தியதில்லை. வாசிக்கத் தெரியாதவன் வண்டி ஓட்டலாமா என்று அப்போது அங்கலாய்த்த படித்த வர்க்கத்தின் குரலில் இருந்தது சாலைப் பாதுகாப்பைப் பற்றிய கவலை அன்று, வேறொன்று. ஆனால் அன்று அமைச்சகம் ஓர் ஈடும் சொன்னது: ஏட்டுக்கல்விக்குப் பதிலாகப் பயிற்சிக்கும் திறன் சோதனைக்கும் அழுத்தம் தரப்படும். நிபந்தனை உடனே நீங்கிவிட்டது. ஈடு எப்போது வந்தது?

2021 ஜூலையில் வந்தது என்பார்கள். அங்கீகரிக்கப்பட்ட ஓட்டுநர் பயிற்சி மையங்கள் என்ற புதிய வகையை விதிகள் அன்று அறிமுகப்படுத்தின. கனரகப் பயிற்சிக்கு இரண்டு ஏக்கர் நிலம், சிமுலேட்டர், பயிற்சித் தடம். பாடமோ ஆறு வாரத்துக்குள் 38 மணி நேரம். வகுப்பறையும் அதில் அடக்கம். அங்கே தேறியவர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டியதில்லை. முன்பு பள்ளி பொய் எழுதினாலும் பிரேக் இன்ஸ்பெக்டர் என்ற ஒரு தடையாவது இருந்தது. இப்போது கற்பிப்பவரே தேர்வாளர். நல்ல மையங்கள் இல்லையென்று சொல்லவில்லை. நாமக்கல்லில் அசோக் லேலண்ட் நடத்தும் பயிற்சி நிறுவனமும், கும்மிடிப்பூண்டியில் சாலைப் போக்குவரத்து நிறுவனத்தின் பயிற்சிப் பள்ளியும் பெயரெடுத்தவை. ஆனால் விதியின் தரம் விதிவிலக்குகளால் அளக்கப்படுவதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2003ஆம் ஆண்டு வகுத்த நெறிப்படி, தொழில்முறை லாரி ஓட்டுநராகத் தொடக்கப் பயிற்சி 280 மணி நேரம். விரைவு வழியைத் தேர்ந்தால் 140 மணி நேரம். அதன்பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை 35 மணி நேரம். நம் 38ஐ அதனருகில் வைத்துப் பாருங்கள். மேல்நாடெல்லாம் சொர்க்கம் என்றும் எண்ண வேண்டாம். அமெரிக்காவில் 2022 பிப்ரவரியில்தான் நாடு தழுவிய தொடக்கப் பயிற்சி விதியே நடைமுறைக்கு வந்தது. அதிலும் இத்தனை மணி நேரம் ஓட்டியாக வேண்டும் என்ற குறைந்தபட்ச வரம்பு கிடையாது. ஆளெடுக்கும் அவசரத்தில் பணக்கார நாடும் இதே குறுக்குவழிக்கு வருகிறது.

நமது உரிமத்தின் மதிப்பை வேறோர் இடத்திலும் பார்க்கலாம். வளைகுடாவுக்குப் போகும் தமிழ் ஓட்டுநரைக் கேளுங்கள். பத்தாண்டு இந்தியச் சாலைகளில் டிரெய்லர் ஓட்டியவரும் துபாயில் புதிதாகத் தேர்வுக்கு நின்றாக வேண்டும். கையிலிருக்கும் நமது ஹெவி லைசென்ஸை அங்கே யாரும் அப்படியே மாற்றித் தருவதில்லை.

இத்தனை மலினமான தாளை எல்லோரும் ஏன் இத்தனை வற்புறுத்திக் கேட்கிறார்கள்? அது ஓட்டுநருக்காக இருப்பதல்ல. ஓட்டியவரிடம் செல்லத்தக்க உரிமம் இல்லையென்றால், பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு அதை உரிமையாளரிடமிருந்து வசூலித்துக்கொள்ளும்படி காப்பீட்டு நிறுவனத்துக்கு நீதிமன்றங்கள் வழிவிடுகின்றன. எனவே உரிமையாளருக்கு வேண்டியது உரிமமுள்ள ஓட்டுநர். திறனுள்ள ஓட்டுநர் கிடைத்தால் அது அதிர்ஷ்டம். காப்பீட்டாருக்கும் தாள் போதும், அரசுக்கும் தாள் போதும். விபத்துக்குப் பின் அந்தத் தாளே ஓட்டுநருக்கு எதிராகத் திரும்புகிறது: உரிமம் பெற்றவன் நீ, உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். 2023இன் பாரதிய நியாய சன்ஹிதா 106ஆம் பிரிவு, கவனக்குறைவால் மரணம் விளைத்தால் தண்டனையைப் பழைய இரண்டாண்டிலிருந்து ஐந்தாண்டு வரை உயர்த்தியது. விபத்தைத் தெரிவிக்காமல் ஓடிவிட்டால் பத்தாண்டு வரை என்றது அதன் இரண்டாம் உட்பிரிவு. கூட்டம் கூடி அடித்துக் கொன்றுவிடும் என்ற அச்சத்தில் ஓடுபவனையும் அது பிரித்தறியவில்லை. 2024 ஜனவரியில் ஓட்டுநர்கள் வண்டிகளை நிறுத்திப் போராடியதால் அந்த உட்பிரிவு மட்டும் நடைமுறைக்கு வராமல் நிறுத்திவைக்கப்பட்டது. தண்டனையை ஐந்து மடங்காக்கச் சிந்தித்த அதே அவைகளில் பயிற்சியை இரு மடங்காக்க ஒரு மசோதா வந்ததாக நாங்கள் அறியோம்.

2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு, 7,500 கிலோவுக்கு மேற்படாத போக்குவரத்து வண்டிகளை இலகுரக உரிமத்தோடு ஓட்டலாம் என்று உறுதிசெய்தது. பிழைப்பவர்களின் பக்கம் நின்ற தீர்ப்பு என்ற அளவில் அதில் நியாயம் உண்டு. அத்தகைய உரிமதாரர்களால் விபத்துகள் கூடியதற்கான தரவுகள் எவரும் முன்வைக்கவில்லை என்று நீதிபதிகள் குறிப்பிட்டார்கள். எப்படி முன்வைக்க முடியும்? அமைச்சகத்தின் ஆண்டறிக்கையில் செல்லத்தக்க உரிமம், பழகுநர் உரிமம், உரிமம் இன்மை என்று கட்டங்கள் இருக்கின்றன. பெரும்பாலான விபத்துகள் முதற்கட்டத்தில்தான் விழுகின்றன. 2022இல் நாட்டில் நேர்ந்த 4,61,312 விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடு முதலிடம், 64,105. இவற்றில் லாரி சம்பந்தப்பட்டவற்றில், அதை ஓட்டியவர் எங்கே, யாரிடம், எத்தனை மணி நேரம், எவ்வளவு பாரத்தோடு கற்றார் என்று கேட்கும் கட்டம் எதையும் அந்த அறிக்கைகளில் நாங்கள் காணவில்லை.

‘அப்படியானால் குடித்துவிட்டு ஓட்டுபவனுக்கும் வக்காலத்தா?’ என்று ஒரு நண்பர் கேட்டார். இல்லை. குடித்தவன் குடித்தவனே, அவன் தண்டனைக்குரியவன். எங்கள் வாதம் குடிக்காதவனைப் பற்றியது. விழித்திருந்து, விதிகளை மதித்து, நல்லெண்ணத்தோடு வண்டி ஓட்டி, தொப்பூர்ச் சரிவில் என்ன செய்வதென்று தெரியாமல் போனவனைப் பற்றியது. இன்னொருவர், தானியங்கி கியர் லாரிகள் வந்துவிட்டால் இச்சிக்கல் தீர்ந்துவிடும் என்றார். கியரைப் பொறி மாற்றும்; இறக்கத்துக்கு முன்பே வேகத்தைக் குறைக்கும் முடிவை மனிதனே எடுக்க வேண்டும்.

செய்யக்கூடியது என்ன? பயிற்சியில் ஒரு பகுதி பாரம் ஏற்றிய வண்டியில், ஒரு பகுதி மலைப்பாதையில், ஒரு பகுதி இரவில் நடக்க வேண்டும் என்று விதியில் எழுதலாம். உரிமம் பெற்ற முதல் ஓராண்டு, அனுபவமுள்ள ஓட்டுநருக்குப் பக்கத்தில், கூலியோடு பழகுநராகப் பணிபுரிய வேண்டும் எனலாம். அதாவது கிளீனர் முறையில் இருந்த கல்வியை எடுத்துக்கொண்டு, அதிலிருந்த சிறுவனையும் அடியையும் விட்டுவிடுவது. அந்தக் கூலியை யார் தருவது என்று லாரி உரிமையாளர்கள் கேட்பார்கள், கேட்பது நியாயம். ஓரிரு வண்டியை வட்டிக்கு வாங்கி ஓட்டும் சங்ககிரிக்காரரால் அதைத் தாங்க முடியாது. சரக்கு அனுப்பும் சிமென்ட் ஆலைகளும் எண்ணெய் நிறுவனங்களும் காப்பீட்டு நிறுவனங்களும் ஒரு நிதிக்குப் பங்களிக்கட்டும். அபாயகரமான சரக்கை ஏற்றும் டேங்கர் ஓட்டுநருக்கு மூன்று நாள் தனிப் பயிற்சி வேண்டும் என்று விதியிருக்கிறது. நாமக்கல் எரிவாயு டேங்கர் ஓட்டுநர்கள் அந்தச் சான்றிதழ் இல்லாமல் ஓட்ட முடியாது. சரக்கு வெடிக்கும் என்றால் பயிற்சி தேவையென்று ஒப்புக்கொள்பவர்கள், சிமென்ட் வெடிக்காது என்பதால் சும்மாயிருக்கிறார்கள்.

வேலைநேரத்தையும் இதிலிருந்து பிரிக்க முடியாது. ஒரு நாளுக்கு எட்டு மணி, வாரத்துக்கு 48 மணி என்று மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961இலேயே சொல்லிவிட்டது. ஐந்து பேருக்குக் குறைவாக வைத்திருக்கும் நிறுவனங்களை அது எட்டவில்லை. லாரித் தொழிலில் பெரும்பகுதி அத்தகையதே. 2025 நவம்பரில் அச்சட்டம் புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டத்துக்குள் கரைந்துவிட்டது. தனியாளாகப் பன்னிரண்டு மணி நேரம் ஓட்டுபவனிடம் எந்தப் பள்ளியின் பாடமும் கடைசி நான்கு மணி நேரத்தில் மிஞ்சியிருக்காது. 2025 அக்டோபரிலிருந்து புதிய லாரிகளின் கேபினில் குளிர்சாதனம் கட்டாயமாகியிருப்பது நல்ல செய்திதான். ஆனால் குளிர்ந்த அறையில் உட்கார்ந்தாலும் தெரியாதது தெரியாததே.

படிவம் 15ஐ இனியும் பேனாவால் எழுத வேண்டியதில்லை. வாடகை வண்டிகளில் இருப்பிடம் காட்டும் கருவிகள் வந்து ஆண்டுகளாகின்றன. பயிற்சி லாரியிலும் ஒன்றைப் பொருத்தி, அது ஓடிய நேரமும் இடமும் பதிவாக வேண்டும் என்றால், எழுதப்படாத காலைப்பொழுதுகள் எத்தனை என்பது ஒரே மாதத்தில் தெரிந்துவிடும். இதற்கு நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை, சட்டத்தைத் திருத்த வேண்டியதில்லை. பயிற்சி பற்றிய விதிகளனைத்தும் மத்திய அரசின் அறிவிக்கையால் மாற்றத்தக்கவை. 2018 ஜூலையில் ஒவ்வொரு லாரியின் மீதும் கூடுதல் டன்களை ஏற்ற, ஓர் அறிவிக்கையே போதுமானதாக இருந்தது.